பைப்பை இறுக்காதீர்கள்

பைப் சொட்டத் தொடங்கினால் எங்கள் வீடுகளில் முதலில் நடப்பது, யாராவது எழும்பிப் போய் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பூட்டுவதுதான். சொட்டு நிற்கும். கொஞ்ச நாளில் திரும்பச் சொட்டும், திரும்ப இறுக்குவோம். இப்படியே போய்க் கடைசியில், வயதானவர்களால் திறக்க முடியாத, சின்னப் பிள்ளைகளால் பூட்ட முடியாத ஒரு பைப் குசினியில் நிற்கும். மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒன்றாவது இல்லாத வீடு இல்லை.

நான் பைப் வேலை படித்தவள் இல்லை. இவர் கட்டாரில், வீட்டில் நானும் மாமியும் பிள்ளைகளும். ஒரு வோசர் மாற்ற ஆள் பிடிப்பது இங்கே லேசுப்பட்ட காரியம் இல்லை. "ஓம், நாளைக்கு வாறன்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் ஏலாது. புது வீட்டுக்கு முழு லைன் இழுக்கும் வேலை கையில் இருக்கும்போது, ஒரு துண்டு ரப்பருக்காகப் பெற்றோல் எரித்துக்கொண்டு யார் வருவார்? அதனால் நானே பழகிக்கொண்டேன். பழகியதில் பாதி, எங்கே கைப்பலத்தைக் காட்டக் கூடாது என்பதுதான்.

ஸ்பேனரைத் தூக்குவதற்கு முன் தண்ணீர் எந்த இடத்தால் வருகிறது என்று பார்க்க வேண்டும். பைப்பைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, காய்ந்த விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வாருங்கள். ஒழுகும் இடங்கள் மூன்றுதான்: வாய், கழுத்து, சுவர். பூட்டிய பிறகும் வாயால் சொட்டினால் உள்ளே வோசர் போய்விட்டது. திருகும் பிடிக்குக் கீழே, கழுத்தடியில், அதுவும் திறந்திருக்கும்போது மட்டும் கசிந்தால் அது தண்டைச் சுற்றியிருக்கும் அடைப்பின் கோளாறு. சுவரோடு சேரும் இடம் எந்நேரமும் ஈரமாக இருந்தால் பைப்பின் திருகு வரியில் (புரியில்) கசியாமல் இருக்கச் சுற்றிய டேப் சரியில்லை. எங்கே கசிந்தாலும் தண்ணீர் வழிந்து வந்து பெரும்பாலும் வாய் நுனியில்தான் சொட்டும். அதனால் தூரத்திலிருந்து பார்க்க மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். கழுத்தால் ஒழுகும் பைப்புக்கு வோசர் மாற்றி, "இது சரிவராது" என்று முழுப் பைப்பையும் கழற்றி எறிந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

சிலர், பகலில் ஒன்றும் இல்லை, இராவில்தான் சொட்டுகிறது என்பார்கள். லைன் தண்ணீர், அதாவது நீர் வழங்கல் சபை குழாயில் அனுப்பும் தண்ணீர், வருகிற பைப் என்றால் அது சரிதான். ஊர் தூங்கிய பிறகு தண்ணீர் எடுப்பவர்கள் குறைய, லைனில் அழுத்தம் ஏறும். தேயத் தொடங்கிய வோசர் பகல் அழுத்தத்தைத் தாங்கும், இரவு அழுத்தத்தைத் தாங்காது. வோசர் மாற்ற நாள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பல சுற்றுத் திருகிப் பூட்டும் பழைய மாதிரிப் பித்தளைப் பைப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிடியைத் திருக ஒரு தண்டு இறங்கும். அந்தத் தண்டின் அடியில் ரப்பர் வோசர். அது உள்ளே இருக்கும் பித்தளை விளிம்பில் போய் உட்கார்ந்தால் தண்ணீர் நிற்கும். அவ்வளவுதான். ரப்பர் மென்மையாக இருக்கும்வரை இரண்டு விரலால் பூட்டினாலே போதும். நாங்கள் முழுக் கையாலும் நெரிக்க நெரிக்க, விளிம்பு ரப்பருக்குள் இறங்கி வட்டமாகப் பள்ளம் விழும். பிறகு ரப்பர் இறுகிப்போகும், வெடிக்கும். அதற்குப் பிறகும் இறுக்கினால் தண்டின் புரி தேயும், சில நேரம் பித்தளையும் பித்தளையும் உரசி அந்த விளிம்பே காயப்படும். ஒரு பிளேன்டீக் காசோடு முடிய வேண்டிய வேலை, முழுப் பைப் வாங்குவதில் போய் நிற்கும்.

எங்கள் குசினிப் பைப்பின் பழைய வோசரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவே வளையமாகப் பள்ளம், அந்தப் பள்ளத்தில் ஒரு மணல் பொறுக்கு அப்படியே பதிந்து கிடந்தது. நகத்தால் கிண்டினால்தான் வந்தது. அந்த ஒரு பொறுக்கு போதும். பிடியை எவ்வளவு இறுக்கினாலும் அதன் பக்கத்தால் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தேவையில்லை. எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் இரண்டு தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் லைன் தண்ணீர். அது உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுத்து, வவுணதீவில் சுத்திகரித்து வருவது. குளிக்க, உடுப்புத் தோய்க்கக் கிணற்றுத் தண்ணீர், மோட்டர் போட்டு மேல் தாங்கிக்கு ஏற்றுவது. எங்கள் மண் கடற்கரை மணல். கிணற்றில் தண்ணீர் வற்றிய கச்சான் காற்றுக் காலத்தில் மோட்டர் போட்டால் தண்ணீரோடு மணலும் ஏறும். லைன் தண்ணீர் வெட்டுப்பட்டுத் திரும்ப வரும்போது முதலில் காற்றுச் சீறும், பிறகு கலங்கல் வரும். அந்த நேரம் குசினிப் பைப்பையோ வோஷிங் மெஷினையோ திறக்காமல், மீட்டருக்குக் கிட்ட வளவில் இருக்கும் பைப்பைத் திறந்து கலங்கல் போகும்வரை ஓட விடுங்கள். அந்தத் தண்ணீரை வாழைக்கு விடலாம். வோசரின் ஆயுளை நீட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் இந்தப் பைப்புக்குத் தண்ணீர் லைனிலிருந்து வருகிறதா, தாங்கியிலிருந்து வருகிறதா என்று தெரிய வேண்டும். லைன் என்றால் மீட்டருக்கு வீட்டுப் பக்கமாக இருக்கும் வால்வ். தாங்கி என்றால் தாங்கியிலிருந்து இறங்கும் குழாயில் இருக்கும் வால்வ். பூட்டிவிட்டு, பழுதான பைப்பைத் திறந்து ஓட்டம் முழுதாக நிற்கிறதா என்று பாருங்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள், குழாயில் நிற்கும் தண்ணீர் வடிய வேண்டும்.

வருடக்கணக்கில் யாரும் தொடாத வால்வ் சுற்ற மறுக்கும். அதையும் ரென்ச் போட்டு நெரிக்கக் கூடாது. கொஞ்சம் பூட்டும் பக்கம், கொஞ்சம் திறக்கும் பக்கம் என்று மாறி மாறி அசைத்தால் பிடித்திருக்கும் ஊத்தை இளகும். அப்படியும் அசையாவிட்டால் அன்றைக்கு வேலையை விட்டுவிடுங்கள். பைப் சொட்டினால் வாளி வைக்கலாம், வால்வ் உடைந்தால் வாளி காணாது.

சிங்கின் ஓட்டையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். சின்ன ஸ்குரூ உருண்டு அதற்குள்தான் போகும், வேறெங்கும் போகாது. பிடியின் உச்சியில் நீலமோ சிவப்போ ஒரு மூடி இருக்கும். கத்தி நுனியால் கிளப்பினால் கீழே ஸ்குரூ. எங்கள் பக்கம் உப்புக் காற்று, ஸ்குரூ துருப்பிடித்துத்தான் இருக்கும். தலை வழுக்கிப்போக முன் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். ரப்பரில் மட்டும் மண்ணெண்ணெய் படக் கூடாது, ஊதிவிடும். கழற்றும் ஒவ்வொரு சாமானையும் வந்த வரிசையில் ஒரு பழைய துவாயில் வையுங்கள். போனில் ஒரு படமும் எடுங்கள்.

அடுத்தது கழுத்திலுள்ள பெரிய நட். இங்கே இரண்டு விஷயம் முக்கியம். நட்டைக் கழற்ற முன் பைப்பைத் திறந்த நிலையில் வைக்க வேண்டும். பூட்டிய நிலையில் கழற்றினால் வோசர் விளிம்பில் அழுந்தியபடியே திருகுப்படும். மற்றது, ஒரு கையால் ஸ்பேனரைத் திருகும்போது மற்றக் கையால் பைப்பின் உடம்பை அசையாமல் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நட்டுக்குப் பதிலாக முழுப் பைப்பும் சுவருக்குள் சுற்றும்.

அந்தக் கதையை எங்கள் பக்கத்து வளவில் பார்த்தேன். சுவருக்குள் பீவீசீ குழாய் வந்து முடியும் இடத்தில் உட்புரி வைத்த ஒரு துண்டு இருக்கும். கடையில் ஃபோசெட் சொக்கட், ஃபோசெட் எல்போ என்று கேட்பது அதைத்தான். பக்கத்து வீட்டு அண்ணன் வயல் வேலை செய்து உரமேறிய கைக்காரன். இரண்டடி நீளப் பைப் ரென்ச்சைப் போட்டு ஒரே இழுவை. 'டிக்' என்று ஒரு சத்தம்தான் கேட்டது. பிறகு டைல்ஸ் உடைத்து, சுவர் கொத்தி, புது எல்போ ஒட்டி, அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்காமல் இன்றைக்கும் அந்தக் குளியலறையில் ஒரு சதுரம் மட்டும் வேறு நிறம். இப்போது அந்த அண்ணனே என்னிடம் வந்து, "தங்கச்சி, அந்தச் சின்ன ஸ்பேனரத் தாங்க" என்று வாங்கிக்கொண்டு போகிறார். வீட்டில் புதிதாக லைன் போடுபவர்கள், பைப் பூட்டும் இடங்களுக்காவது உள்ளே பித்தளைப் புரி வைத்த சொக்கட்டாகக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் விலை கூட, ஆனால் முழுப் பிளாஸ்டிக் புரியை விட எவ்வளவோ தாங்கும்.

தண்டு வெளியே வந்ததும் அடியில் வோசர் தெரியும். சிலதில் ஒரு குட்டி நட் பிடித்திருக்கும், சிலதில் அழுத்திச் செருகியிருக்கும். அதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். வீட்டுப் பைப் பெரும்பாலும் அரை இஞ்சிதான், ஆனால் அரை இஞ்சி என்று வாய்ச்சொல்லில் வாங்கி வந்தால் மொத்தமோ ஓட்டையோ மாறியிருக்கும். காத்தான்குடியில் நான் வழக்கமாகப் போகும் ஹார்ட்வெயார் கடை நானா, நான் வாய் திறக்க முதலே "பழசைக் கொண்டந்தீங்களா தங்கச்சி?" என்றுதான் கேட்பார். கொண்டு போனால் டப்பாவில் கைவிட்டு, பழசோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுத்துத் தருவார். வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள்.

பழைய செருப்பில் வட்டமாக வெட்டிப் போடுகிற வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. மாமியும் அதைத்தான் சொன்னா: "என்னத்துக்குக் கடைக்குப் போறாய் புள்ள, செருப்புல ஒரு துண்டு வெட்டிப் போடு, மறுகா பாப்பம்." செருப்பு ரப்பர் பஞ்சுபோல அமுங்கும், சீக்கிரம் தட்டையாகிவிடும். கடை பூட்டிய நேரம், லைன் தண்ணீரும் வேண்டும் என்றால் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: பழைய வோசரையே புரட்டிப் போடுங்கள். பள்ளம் விழாத பக்கம் கீழே வந்தால் சில நாள் ஓடும்.

புதுசைப் போட முன் விரலை உள்ளே விட்டு அந்தப் பித்தளை விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. வெட்டோ குழியோ கையில் பட்டால் எந்த வோசரும் நிற்காது. விளிம்பைச் சீவித் தட்டையாக்க ஒரு கருவி இருக்கிறது, பைப் வேலைக்காரர் சிலரிடம் இருக்கும். பைப்பும் பழசு என்றால் புதிதாக மாற்றுவதுதான் மேல். வெள்ளையாகப் படிந்திருந்தால் அது தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு. வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். பளபளப்புப் பூச்சில் வினாகிரியை நெடுநேரம் ஊற விடாதீர்கள்.

பூட்டுவது கழற்றியதன் மறுபக்கம்தான். தண்டைத் திறந்த நிலையில் வைத்து, நட்டை முதலில் விரலால் முழுதாகத் திருகி, கடைசிக்கு மட்டும் ஸ்பேனர். பிறகு மெயின் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும், பழுது பார்த்த பைப் திறந்தபடியே இருக்கட்டும். காற்றும் ஊத்தையும் வெளியே போன பிறகு பூட்டுங்கள், இரண்டு விரலால். கீழே ஒரு பேப்பர் துண்டை விரித்துவிட்டு வேறு வேலைக்குப் போய் வந்து பாருங்கள்.

கழுத்துக் கசிவு இதைவிடச் சின்ன வேலை. தண்டைச் சுற்றியிருக்கும் சின்ன நட்டை கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். இந்தக் கட்டுரையில் நான் இறுக்கச் சொல்லும் ஒரே இடம் இதுதான், இதிலும் அளவு உண்டு: பிடி திருகக் கடினமாகிவிட்டால் கூடிவிட்டது. நிற்காவிட்டால் அந்த நட்டைக் கழற்றி, திரெட் சீல் டேப்பைக் கையால் நூலாக முறுக்கித் தண்டைச் சுற்றி உள்ளே அமுக்கி, நட்டைத் திரும்பப் போடலாம். புதிய பைப்புகளில் அந்த இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதையும் பழசைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

சுவரோரக் கசிவுக்கு முழுப் பைப்பையும் கழற்ற வேண்டும். பழைய டேப்பைப் புரியிலிருந்து முழுதாக உரித்தெடுங்கள், பழசுக்கு மேலேயே புதுசைச் சுற்றினால் திரும்பக் கசியும். புரியின் வாய் உங்களைப் பார்த்திருக்க, மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாக, டேப்பை இழுத்துப் பிடித்து எட்டுப் பத்துச் சுற்று. மாறிச் சுற்றினால் பைப்பைத் திருகத் திருக டேப் கழன்று வெளியே வரும். திருகிக்கொண்டு போய் வாய் கீழே பார்க்கும் இடத்தைத் தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பாதீர்கள், டேப் அதில் இளகிவிடும்; கழற்றிப் புதிதாகச் சுற்றிப் போடுவதே சரி.

கால் சுற்றில் பூட்டித் திறக்கும் புது மாதிரிப் பைப்புகளில் ரப்பர் வோசர் இல்லை. உள்ளே இரண்டு செராமிக் தட்டு ஒன்றின்மேல் ஒன்று நகரும். அதற்குப் பலமே தேவையில்லை, இறுக்கினாலும் பிரயோசனம் இல்லை. மணல் போய்க் கீறினால் சொட்டும். உள்ளே இருக்கும் காட்ரிஜ்ஜை அப்படியே கழற்றி மாற்ற வேண்டும். அதன் தலையில் உள்ள பற்கள் சிலதில் 20, சிலதில் 24. எந்தப் பக்கம் திருகத் திறக்கும் என்பதும் மாறும். அதனால் இதற்கும் பழசைக் கொண்டு போகாமல் கடைக்குப் போவது வீண் அலைச்சல்.

விலை குறைந்த பிளாஸ்டிக் பைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சொட்டினால் கழற்றிவிட்டுப் புதுசு. வளவுப் பைப்புக்கு அது போதும். குசினிக்கும் குளியலறைக்கும் பித்தளை வாங்குங்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் கையில் தூக்கிப் பாருங்கள், நல்ல பித்தளை கனக்கும். மேலே மினுங்கி உள்ளே மலிவு உலோகமாக இருப்பது உப்புக் காற்றில் வெள்ளைப் பொடி பூத்து உதிரும்.

ஒரு சொட்டுக்கு இவ்வளவு பாடா என்று இவர் போனில் சிரித்தார். ஒரு லீற்றர் போத்தலைக் கீழே வைத்து நேரம் பார்க்கச் சொன்னேன் என்று வையுங்கள்: ஒரு மணித்தியாலத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 24 லீற்றர், ஒரு மாதத்துக்கு 720 லீற்றர். தண்ணீர் பில்லில் ஓர் அலகு என்பது 1000 லீற்றர். அலகு கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும். வளவுப் பைப் என்றால் காசை விடப் பெரிய தொல்லை அதன் கீழே தேங்கும் தண்ணீர். மாரி மழைக்குப் பிறகு டெங்கு பரவும் நாட்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து முதலில் எட்டிப் பார்ப்பது பைப்படியில் கிடக்கும் சட்டியையும் வாளியையும்தான்.

மீட்டருக்கு வெளியே, வீதிப் பக்கம் கசிந்தால் அது உங்கள் வேலை இல்லை. அதில் கைவைக்கவும் கூடாது. நீர் வழங்கல் சபையின் 1939 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். மீட்டருக்கு உள்ளே எல்லாம் சரியா என்று பார்க்க, இரவு படுக்கப் போக முன் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீட்டர் முகத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். தாங்கியில் லைன் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தால் அதுவும் சுற்றும், அது நிரம்பும்வரை பொறுங்கள். பிறகும் சக்கரம் சுற்றினால் எங்கோ போகிறது. பைப் ஒன்றும் சொட்டாமலேயே சுற்றினால் அநேகமாகக் கொமட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்ப் பெட்டிதான். அதற்குள் கொஞ்சம் கேசரிக் கலரைக் கரைத்து ஊற்றிவிட்டு, யாரையும் ஃபிளஷ் பண்ண விடாமல் அரை மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். கொமட்டுக்குள் நிறம் இறங்கியிருந்தால் பெட்டியின் அடி ரப்பர் மாற்ற வேண்டும். அதையும் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள்.